அனுஷம், சிவகோத்திரம், நித்தியா

ஜூலை 7, திங்கட்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனைச் சிவன் கோயிலின் கருவறைக்குள்ளிருந்து என் பெயர் கேட்டது.

“அனுஷ நட்சத்திரே... விருச்சிக ராசௌ... நித்யா நாம்னீ...”

அர்ச்சனைதான். அன்று அனுஷம், என் பிறந்த நட்சத்திரம். மாதாமாதம் அம்மா என்னைத் தேங்காய் பழத்தோடு அனுப்பிவைக்கும் நாள். என் பெயர் அங்கே ஒலித்ததில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒன்றே ஒன்றுதான். என் அர்ச்சனைத் தட்டு இன்னும் என் கையில் இருந்தது.

உள்ளே ஒற்றை விளக்கு. கல் சுவருக்குள் ஒலிக்கும் குரலுக்கு ஒரு குணம் உண்டு. எந்த வாயிலிருந்து வந்தது என்று அது காட்டிக்கொடுக்காது. இருபத்தோரு ஆண்டுகளாக என்னுடையது என்று நான் நினைத்திருந்த ஒரு சொல், நான் கொடுக்காமலே அங்கே போய், தீபாராதனை வாங்கிக்கொண்டிருந்தது.

குருக்கள் வெளியே வந்தார். எனக்கு முன்னால் நின்றவரிடம் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டு என்னிடம் கை நீட்டினார்.

“பேர், நட்சத்திரம், கோத்திரம்?”

“நித்தியா. அனுஷம். சிவகோத்திரம்.”

நீட்டிய கை நின்றது. “இப்பதானேம்மா பண்ணினேன்? இவர் உங்க அப்பாவா?”

“இல்லை.”

“சித்தப்பாவா?”

“இவரை எனக்குத் தெரியாது.”

“நல்ல கூத்தா இருக்கே! ஒரே பேருக்கு ரெண்டு தட்டு. சுவாமி யாருன்னு நினைச்சுப்பார்?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

எனக்கு முன்னால் நின்றவர் சிரிக்கவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். விரல் நுனிகளில் பட்டுச் சாயத்தின் சிவப்பு. நெற்றியிலிருந்து பாதம்வரை என்னைப் பார்த்தார். தன் வீட்டுப் பாத்திரம் ஒன்றை அடுத்த வீட்டு அலமாரியில் கண்டுவிட்டவர் பார்ப்பாரே... அப்படி.

கோத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோத்திரம் தெரியாத வீடுகளுக்கெல்லாம் சிவன் கோயிலில் ஒரே பதில், சிவகோத்திரம். எங்கள் வீடும் அந்தப் பட்டியலில்தான். பெயரும் நட்சத்திரமும் பொருந்திவிட்டால் மூன்றாவது தானாகவே பொருந்திவிடும். அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். கல்லூரித் தமிழ் மன்றத்தில் ‘என் பெயர் கொண்டவர்கள்’ என்று பதினைந்து நிமிடம் பேச ஒப்புக்கொண்டுவிட்டு நான் விழித்த கதையைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். வருகைப் பதிவுக்கு மேல் வகுப்பில் வாய் திறக்காதவள் நான். சொந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்பது என் திட்டம்.

முதலில் கிடைத்த நித்தியா ஒரு கல்வெட்டு அறிஞர். ஓய்வு பெற்றவர். போனில் பேசினேன்.

“நீ எத்தனையாவது நித்தியா?” என்றார் எடுத்த எடுப்பிலேயே.

“தெரியலை, மேடம்.”

“நான் படிச்ச கல்லுல பாதி விளக்குக் கட்டளைதான்மா. சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும் இந்த விளக்கு நித்தியமும் எரியணும்னு வெட்டியிருக்கும். நிமிர்ந்து பார்த்தா வௌவால் தொங்கும். விளக்கு அணைஞ்ச சேதி கல்லுக்கு இன்னும் போய்ச் சேரலை, பாவம்!”

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் குறித்துக்கொள்ளவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

இரண்டாமவர் ஓர் அருட்சகோதரி. வெளியே வராத மடம் அவருடையது. கம்பிக்கு அப்பால் அவர், இப்பால் நான். துறவற வாக்குக் கொடுத்த நாளில் அவரைத் தரையில் முகம் குப்புறக் கிடத்தி, மேலே கறுப்புத் துணி போர்த்தினார்களாம். உலகத்துக்கு இறந்துவிட்டதன் அடையாளம். எழுந்தபோது கொடுத்த பெயர்தான் நித்தியா.

“எங்கம்மா மட்டும் பழைய பேர விடல. சாகுறவரைக்கும் அந்தப் பேரச் சொல்லித்தான் எனக்காக வேண்டிக்கினு இருந்தாங்க,” என்றார் சகோதரி. “அதெல்லாம் எனக்கா வந்திருக்கும்? அந்தப் பழைய பொண்ணுக்குத்தான் போயிருக்கும். அவ எங்க இருக்காளோ!”

அவர் சிரித்தார். கம்பிக்கு இப்பால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாமவரைப் பற்றி நான் மன்றத்தில் பேசவே இல்லை. காரணம் இலக்கணம்.

அவர் தாவரவியல் ஆய்வாளர். காஞ்சிபுரத்துக்காரர். அறுவடைக் கூலிக்குப் போன ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, அந்தத் தெருவின் முதல் முனைவர் பட்டத்தை வாங்கியவர். சென்ற ஆவணியில் வடக்கே மலைக்குச் செடி சேகரிக்கப் போனார். மழை. மண்சரிவு. உடன் போன இருவர் திரும்பினார்கள். இவருடைய பை கிடைத்தது. இவர் கிடைக்கவில்லை.

‘இருக்கிறார்’ என்று எழுதுவதா, ‘இருந்தார்’ என்று எழுதுவதா? நம் வினைமுற்று கறாரானது. காலத்தைச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்க விடாது. ஒரே ஒரு சந்து இருக்கிறது, பெயர்ப் பயனிலை. ‘நித்தியா தாவரவியலாளர்.’ இந்த வாக்கியத்தில் வினையும் இல்லை, காலமும் இல்லை. அதன்படி அவர் உயிரோடும் இல்லை, இறக்கவும் இல்லை. அந்த ஒற்றை வரியோடு அவரை என் கணினியில் விட்டுவைத்திருந்தேன்.

அவர் ஆராய்ந்த செடிகளில் ஒன்று நித்தியகல்யாணி. எந்நாளும் பூப்பது, எனவே அந்தப் பெயர். அதையே சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். ஒரு செடிக்கு இரண்டு பெயர் இருந்தால் யாரும் திடுக்கிடுவதில்லை. ஒரு பெயருக்கு இரண்டு பேர் இருந்தால்தான்...

கோயிலுக்குத் திரும்புவோம்.

என் அர்ச்சனை முடிந்து வெளியே வந்தபோது, எனக்கு முன்னால் தட்டு வாங்கியவர் வில்வ மரத்தடியில் காத்திருந்தார். தட்டிலிருந்த உடைத்த தேங்காயைத் தொடவில்லை.

“எம் பேரு ஏகாம்பரம்மா. இங்கதான் தறி. நித்தியா எம் பொண்டாட்டி. மலைக்குப் போனாளே... பேப்பர்லகூட வந்துச்சே.”

தெரியும் என்று தலையசைத்தேன்.

“மாசா மாசம் அனுஷத்துக்கு வந்துக்கினு இருக்கேன். எப்பவும் நடை தொறந்ததும் வந்துருவேன். அப்ப ஐயரோட புள்ள இருப்பாரு. இன்னிக்குத்தான் லேட்டு. நேத்து ராவெல்லாம் தூக்கம் இல்ல.”

“ஏன், அண்ணா?”

“அவ அக்கா மாதா கோயில்ல பூசை வெச்சிட்டா. ஆன்மாவுக்கு. நேத்து ஞாயித்துக்கிழம பேரப் படிச்சாங்க. நான் கேட்டாண்ட நின்னு கேட்டுக்கினு இருந்தேன்.” தட்டைக் கை மாற்றிக்கொண்டார். “செத்தவங்களுக்குச் சொல்ற செபத்துல மொத வார்த்தையே அவ பேருதாம்மா. ‘நித்திய இளைப்பாற்றி’ன்னு ஆரம்பிக்கிறாங்க. எவனோ அவளக் கண்டுபிடிச்சிக் கூப்புடுறான்னு நெனச்சி உள்ள ஓடப் பாத்தேன்.”

காலை வெயில் இருந்தது. ஆனாலும் எனக்குக் குளிர்ந்தது.

“உங்க நட்சத்திரம் நெசமாவே அனுஷமா?” என்றார் திடீரென்று.

“ஆமாம். அனுஷத்துக்கு ந, நி, நு, நே. அதனாலதான் நித்தியான்னு வெச்சாங்க.”

அவர் முகத்தில் ஏதோ இறங்கியது. “அவளுக்கு ஜாதகமே இல்லம்மா. அவங்க வூட்ல அதெல்லாம் எழுதறதில்ல. கல்யாணத்துக்கு நட்சத்திரம் வேணும்னு எங்க வூட்ல ஒத்தக்கால்ல நின்னாங்க. ஜோசியரு, பேரு நித்தியாவா, அப்ப அனுஷம்னு போட்டுக்கன்னுட்டாரு. எங்க கோத்தரத்தயும் அவளுக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. சிவகோத்தரம்னு நான்தான் சொல்லிக்கினு வரேன்.”

எனக்கு நட்சத்திரத்திலிருந்து பெயர் வந்தது. அவர் மனைவிக்குப் பெயரிலிருந்து நட்சத்திரம் வந்தது. இரண்டு பேரும் வேறு வேறு வாசல் வழியாக வந்து ஒரே அறையில் நின்றுகொண்டிருந்தோம். எங்களில் ஒருத்திக்கு மட்டும் அந்த அறை உண்மையிலேயே சொந்தம்.

ஏகாம்பரமும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தப்பா நெனக்காதீங்க. இந்தப் பத்து மாசத்துல நீங்க எதுலனா தப்பிச்சீங்களா?”

இப்படி ஒரு கேள்வியை யாராவது உங்களிடம் கேட்டிருக்கிறார்களா? கேட்காமல் இருக்கட்டும்.

“போன மாசம்,” என்றேன். “பஸ் ஸ்டாண்டு போற வழியில ஷேர் ஆட்டோ கவுந்துடுச்சு. கூட வந்தவங்க எல்லாருக்கும் அடி. ஒரு அம்மாவுக்குக் கால் உடைஞ்சுது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.”

“என்னா தேதி?”

“பத்தாம் தேதி.”

“வைகாசி அனுஷம்,” என்றார் அவர். காலண்டரைப் பார்க்காமலே சொன்னார். “அன்னிக்கு நீங்க அர்ச்சனை பண்ணீங்களா?”

இல்லை. அன்று சென்னையில் ஒரு நூலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதிகாலையிலேயே கிளம்பிவிட்டேன். அந்த ஒரு மாதம் மட்டும்தான் கோயிலுக்கு வரவில்லை. அதற்காக அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தார்.

“நான் பண்ணேன்,” என்றார் ஏகாம்பரம்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அல்லது அழுவார் என்று. இரண்டும் இல்லை. அவர் முகம் தெளிந்தது. எனக்கு அதுதான் அச்சமாக இருந்தது.

“போய்ச் சேந்துக்குதும்மா! பாருங்க, வீணாப் போவல. ஆளு மாறிப்போச்சு, அவ்ளோதான். அப்ப கேக்குற காது ஒண்ணு இருக்குது.”

“அண்ணா, அது தற்செயலா...”

“இருக்கட்டும். நீங்க படிச்சவங்க, அப்டித்தான் சொல்வீங்க.” தட்டிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தார். “பத்து மாசப் பொட்டலமும் அவ அலமாரியில அப்டியே கெடக்குது. யாருக்குப் பண்ணதோ அவங்கதான் இட்டுக்கணுமாம். இதுவும் உங்களுதுதான். இட்டுக்குங்க.”

மறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கை நீண்டுவிட்டது. நெற்றியில் இட்டுக்கொண்டேன். விபூதி எப்போதும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அன்றைக்கு அது வெகுதூரத்திலிருந்து வந்த குளிர்ச்சியாக இருந்தது.

“பூசை வெச்சதுக்கு அவங்க அக்காகிட்ட நீங்க எதுவும் சொல்லலையா?”

“அவ கெட்டவ இல்லம்மா. ‘போதும் மாமா, அவள விட்ருங்க, நிம்மதியாப் போவட்டும்’ங்கறா. நான் அங்க போய் நின்னா அவ அழுவா. அவ அழுதான்னா நானும் நம்பிடுவேன். அதான் கேட்டத் தாண்டறதில்ல.” விரல்களைப் பார்த்துக்கொண்டார். “தறியில பாவு, அதான் நீளவாட்டு நூலு, முடியறதுக்குள்ள புதுப் பாவ எடுத்து, பழைய இழையோட ஒண்ணொண்ணாப் பிணைச்சிடுவோம். அந்தக் கடைசி முழத்த நெய்ய மாட்டோம். நெய்ஞ்சிட்டா பிணைக்கறதுக்கு நுனி இருக்காது. வெறுந்தறி. ஒரு மாசம் நான் அர்ச்சனைய விட்டேன்னு வெச்சிக்குங்க...”

தட்டை எடுத்துக்கொண்டு நடந்தார். 

போகும்போது திரும்பி நின்று ஒன்று கேட்டார். அதைத்தான் இந்த வாரம் முழுவதும் நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

“நீங்க தமிழ் படிக்கிறீங்களே... அடுத்த அனுஷத்துக்கு நான் உள்ள என்னான்னு சொல்லணும்? எப்டிச் சொன்னா அது அவளுக்குப் போவும்?”



வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முதலில் அம்மா சிரித்தார். “உனக்கு ஓசியில ஒருத்தர் அர்ச்சனை பண்ணிக்கினு இருக்காரு. அதுக்கு ஏன்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?”

ஷேர் ஆட்டோ தேதியைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. “இனிமே அந்தக் கோயிலுக்குப் போவாத.” அடுப்படிக்குள் போனவர் உடனே திரும்பி வந்தார். “இல்ல இல்ல, போ. நீ விட்டுடாத. அவரையும் விட்டுடாதன்னு சொல்லு.” மறுபடியும் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “பாவம்டி அந்தப் பொண்ணு. ஆவணி மழைக்கு ஒரு குடையாவது இருந்துச்சோ என்னமோ.”

நான் நம்புகிறவள் அல்லேன். அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ரேஷன் கார்டில் நமக்கு இனிஷியல் உண்டு. பேங்க்கில் உண்டு. தேர்வு அறையில் பதிவு எண்ணே உண்டு. ஒரு கொரியர்க்காரர்கூட வீட்டு எண் இல்லாமல் நம் வாசலுக்கு வருவதில்லை. உயிரைக் கேட்டு நிற்கும் இடத்துக்கு மட்டும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறோம். சாமிக்குத் தெரியும் என்கிறோம். தெரியாமல் போனால்?

அன்று மாலைவரை அந்த மூன்று சொற்களையும் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுஷம், அது ஜோசியர் கொடுத்தது. சிவகோத்திரம், அது கணவர் கொடுத்தது. அந்த மனுஷியுடையது என்று மிஞ்சுவது ஒன்றுதான், நித்தியா. ஆனால் சிவன் கோயிலில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் நிற்கிறேன். நான் நகர்ந்தாலும் என் நட்சத்திரம் நகராது.

அந்தப் பெயரை அவருக்கு முதன்முதலில், ஞானஸ்நானத்தில், தலையில் தண்ணீர் ஊற்றி வைத்த இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நட்சத்திரம் கேட்க மாட்டார்கள், கோத்திரமும் கேட்க மாட்டார்கள். அங்கே நித்தியா என்றால் அவர் மட்டும்தான். ஆனால் அங்கிருந்து அவருக்காக இதுவரை போயிருப்பதோ, இளைப்பாறட்டும் என்ற ஒற்றை வேண்டுதல்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிந்ததும் எழுந்து, அம்மாவிடம் சொல்லாமல், மாதா கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. மெழுகுவர்த்திகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்து அறையில், பூசைக்குப் பெயர் பதியும் உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பூசைக்குப் பேர் கொடுக்கணும்,” என்றேன்.

“சொல்லும்மா. யார் பேருக்கு?”

“நித்தியா.”

“அந்த மலைக்குப் போன நித்தியாவா? ஞாயித்துக்கிழமதான் அவங்க அக்கா வெச்சாங்களே, ஆன்மாவுக்கு.”

“அதே நித்தியாதான்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பேனாவை எடுத்தார். பிறகு, எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார்.

“இருக்கிறவங்களுக்கா, இறந்தவங்களுக்கா?”

பெயர்ப் பயனிலைச் சந்து மூடிக்கொண்டது. வழியே இல்லை. காலம் சொல்லியாக வேண்டும்.

வெளியே கேட்டருகில் ஒரு சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பு விரல்கள் அதன் கைப்பிடியைப் பற்றியிருக்கின்றனவா என்று நான் சரிபார்க்கவில்லை.

“இருக்கிறவங்களுக்கு,” என்றேன்.

உபதேசியார் வெகுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். “குடுக்கிறவங்க பேரு?”

“நித்தியா.”

பேனா நின்றது. “என்னம்மா இது... உனக்கு நீயேவா?”

“இல்லைங்க. அவங்களுக்குப் போக வேண்டியது ஒண்ணு, தவறிப்போய் எங்கிட்ட வந்துடுச்சு. திருப்பி அனுப்பறேன்.”